முதல் தாம்பூலம் தாயனூருக்கு ஏன்?

வெளிமாநிலத்தில் பிழைப்பைத் தேடி வந்த நாம், இரண்டு தமிழர் சந்தித்தால் முதலில் கேட்பது "உங்களுக்கு எந்த ஊர்?" என்றுதான். எங்கள் தமிழ்ச் சமண நயினார்களிடையே இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். ஊரைச் சொன்னாலே குடும்பமும் உறவுமுறையும் விளங்கிவிடும். ஓர் ஊர்க் குடும்பத்துக்கு ஒரு சமூகமே எப்படி நன்றி பாராட்டியது என்பதற்குத் தாயனூர் நல்ல சான்று.

செஞ்சியை ஆண்ட ஒருவன் சமணர்களைக் கொடுமைப்படுத்தினான் என்பது எங்கள் பக்கத்துக் கர்ணபரம்பரை. 1906-இல் வந்த தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியரும் இதைப் பதிவு செய்து, 1478 என்று வருஷமும் தருகிறது. செஞ்சி நாயக்கர் ஆட்சியோ 16-ஆம் நூற்றாண்டில்தான் தொடங்கியது. ஆகவே அந்த வருஷத்தை அப்படியே நம்புவதற்கில்லை. ஆனால் கதையின் சாரத்துக்கு இதனால் குறைவில்லை.

உயிருக்குப் பயந்து பலர் பூணூலைக் கழற்றித் திருநீறு பூசிச் சைவரானார்கள். நீறுபூசி வெள்ளாளர் என்ற பெயர் அப்படி வந்ததாம். திண்டிவனம் அருகே வேலூரில் ஒருவர் கிணற்றுக்குள் மறைவாகச் சமண முறையில் வழிபட்டு அகப்பட்டுக்கொண்டார். ஆண்டவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததால் மன்னித்து விட்டுவிட்டானாம். அவர் சிரவணபெளகொளா சென்று கற்றுத் துறவியானார். அவரே வீரசேனாசாரியார்.

தாயனூர் காங்கேய உடையார் என்பவர் உடையார்பாளையம் ஜமீன்தாரிடம் அடைக்கலம் புகுந்து நிலமும் பெற்றார். பிழைத்தது போதும் என்று அவர் அங்கேயே இருந்துவிடவில்லை. சிரவணபெளகொளா போய் வீரசேனாசாரியாரை அழைத்துக்கொண்டு, செஞ்சிச் சீமையில் ஊர் ஊராகச் சென்று, பிரிந்தவர்களைத் தாய்ச் சமயத்துக்குத் திருப்பினார். அந்த உபகாரத்துக்காக விசேஷங்களில் முதல் தாம்பூலம் அவர் வம்சத்தாருக்கே. மேல்சித்தாமூர் மடாதிபதியைத் தேர்ந்தெடுப்பதிலும் அவர்கள் சொல்லுக்கு முதன்மை உண்டு என்கிறது அந்தக் கெசட்டியர்.

ஒரு வெற்றிலையும் பாக்கும் என்ன பெறும் என்று பிள்ளைகள் கேட்கலாம். எழுத்தறிவு பரவாத காலத்தில் கிராமத்தின் வரலாற்று ஏடு அதுதான். தாம்பூலம் கொடுக்கும்போதெல்லாம் "ஏன் இவருக்கு முதலில்?" என்று ஒரு சிறுவன் கேட்பான், ஒரு பெரியவர் கதையைச் சொல்லுவார். கேட்க ஆள் இருந்தவரை ஏடு அழியவில்லை.

ஐதராபாத்தில் பிறந்த நம் பேரப்பிள்ளைகள் தெலுங்கும் ஹிந்தியும் சரளமாகப் பேசுகிறார்கள், சந்தோஷம். ஆனால் "தாத்தா ஊர் எது?" என்றால் பலருக்குப் பேர்கூட வாயில் வருவதில்லை. ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. கதை சொன்னவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். காங்கேய உடையாரும் ஊரை விட்டுப் போனவர்தான். போன இடத்தில் ஊரை மறக்காததால்தான் அவர் பெயர் நின்றது. அன்பர்கள் ஒவ்வொருவரும் தம் ஊர், குலம், கோயில் மரியாதை, அதன் காரணம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டுகிறேன். எந்தச் சாதி, எந்தச் சமயம் ஆனாலும் இது பொருந்தும்.