'மீட்பர்' என்று பெயர் கொண்ட படகு



ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகப் போகும் ரயில் பாதை செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் கடந்து கொல்லத்தில் இறங்குகிறது. கொல்லத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையே, சாலைகள் பெருகாத காலத்தில், மக்கள் காயல் வழியே படகில் போய்வந்தார்கள். அந்த நீர்வழியில் ஓடிய ஒரு படகின் பெயர் 'ரிடீமர்'. தமிழில் சொன்னால் 'மீட்பர்'.

1924 ஜனவரியில் பல்லனா ஆற்றில் அந்தப் படகு கவிழ்ந்தது. 1907-இல் 'வீண பூவு' எழுதிப் புகழ்பெற்ற மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் அதில் இறந்தார். அவருக்கு வயது 50. அளவுக்கு மீறிப் பயணிகளை ஏற்றியிருந்தார்கள் என்பதே அன்று முதல் சொல்லப்படும் காரணம். அவருக்கு இறுதிச் சடங்கு நடந்த இடம் இன்று குமாரகோடி எனப்படுகிறது.

படகு ஏன் கவிழ்கிறது? பாரம் கீழே இருக்கும்வரை, சாய்ந்த படகு தானே நிமிரும். மேல்தளத்தில் ஆட்கள் ஏற ஏற, அந்த நிமிரும் பலம் குறைகிறது. அப்போது எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் போதும், படகு புரண்டுவிடும்.

நம் மலைக்குப் பின்னால் இருக்கும் தேக்கடி ஏரியிலும் இதுவே நடந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கம் திரண்டபோது 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று தானூரில், அதிகம் பேரை ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். நூறு ஆண்டுகள் ஆகியும் பாடம் மாறவில்லை. நாம்தான் படிக்கவில்லை.

நம் ஊர் ஆறுகளில் படகு ஓடுவதில்லையே என்று நினைக்கலாம். ஆனால் ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில் ஆற்றுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புக்கும் குடும்பத்தோடு குளிக்கப் போகிறோம். அங்கே வெயில் அடிக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, மேலே இரைச்சல் கேட்பது, இவை வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். அப்போது பையையும் செருப்பையும் தேடாமல் உடனே கரையேற வேண்டும். வேகமாக ஓடும் நீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். அக்கரையில் மாட்டிக்கொண்டால், வெள்ளம் வடியும்வரை மேட்டில் காத்திருப்பதே நல்லது. வனத்துறை தடை விதித்த நாளில், "நமக்கு ஒன்றும் ஆகாது" என்று போவது துணிச்சல் அல்ல.

படகுக்கு 'மீட்பர்' என்று பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வைத்திருப்பார்கள். ஆனால் பெயர் படகைத் தாங்கவில்லை. இறைவன் மீது நம்பிக்கை வைப்பது என்றால், அவர் தந்த அறிவை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுவதா? அடுத்த முறை படகில் ஏறும்போது ஆட்களை எண்ணுவோம். உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி, பிள்ளைகளுக்கு முதலில் அணிவிப்போம். அது இல்லையென்றால் இறங்கிவிடுவோம். கட்டிய காசு போனால் போகட்டும்.