மண் எத்தனை யூனிட் வேண்டும்?

ஆம்பூர், வேலூர் பக்கம் வீட்டுத் தோட்டத்துக்குச் செம்மண் கொட்டப்போகிறீர்களா? நம் ஊரில் மண்ணும் ஜல்லியும் யூனிட் கணக்குதான். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கன கெஜத்தில் சொன்னால் ஏறக்குறைய 3.7. நீளம் 20 அடி, அகலம் 15 அடி, உயரம் 6 அங்குலம் என்றால், முதலில் அங்குலத்தை அரை அடியாக மாற்றிக்கொள்ளுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். மூன்றையும் பெருக்கினால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். தண்ணீர் ஊற்றியதும் மண் அமுங்கும், அதனால் சற்றுக் கூடுதலாகவே கேளுங்கள். மணல் என்றால் இன்னும் கவனம் தேவை: லேசான ஈரத்தில் அது உப்பி, அளவு கூடினாற்போல் நிற்கும். டிப்பர் வந்ததும், கொட்டுவதற்கு முன்பே, தொட்டியின் உள்நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.