பின்சக்கரத்து டிரம்மைக் கழற்றலாமா?

வியாழக்கிழமை காலையில் அய்யலூர் சந்தையில் ஆடு ஏற்றிக்கொண்டு கிளம்பும் சின்ன லோடு வண்டி ஒன்றின் பின்னால் பத்து நிமிடம் போனால், பிரேக் பற்றிய பாதிப் பாடம் முடிந்துவிடும். வண்டி திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில் ஏறி வேகம் பிடிக்கிறது. குறுக்கே ஒரு பைக் வருகிறது. டிரைவர் பிரேக்கை மிதித்ததும் ஆடுகள் அத்தனையும் கேபின் பக்கம் சரிந்து ஒன்றையொன்று நெருக்குகின்றன. வண்டியின் மூக்கு அமுங்குகிறது, பின்பக்கம் தூக்குகிறது.

ஆடு ஏறாத காரிலும் இதேதான் நடக்கிறது, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. ஆயிரம் கிலோ எடையுள்ள சின்ன கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் முன்னால் இருப்பதால் நிற்கும்போதே ஏறத்தாழ 600 கிலோ முன்சக்கரங்களின் மேல்தான். பலமாகப் பிரேக் பிடித்தால் இன்னும் 180 கிலோ அளவுக்கு முன்னால் போய்விடும். பின்சக்கரங்களுக்கு மிஞ்சுவது 220 கிலோ. தரையில் அவ்வளவு லேசாக உட்கார்ந்திருக்கும் சக்கரத்துக்கு எவ்வளவு பெரிய பிரேக் வைத்து என்ன பயன்?

ஆனாலும் ஆசை விடுவதில்லை. அலாய் வீலின் கம்பிகளுக்கு நடுவே முன்னால் பளபளவென்று டிஸ்க் தெரிகிறது. பின்னால் பார்த்தால் கறுத்துப்போன டிரம். ‘பின்னாலும் டிஸ்க் போட்டுடலாம்ணே’ என்று யாராவது பட்டறையில் சொல்லிவிட்டால் போதும், தூக்கம் போச்சு. பிரிச்ச வண்டிச் சாமான்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை இருக்கிறது. டிஸ்க், காலிபர், ஹப் எல்லாம் தேடினால் கிடைக்கும். பொருந்துமா என்பதுதான் கேள்வி.

டிரம், டிஸ்க் இரண்டுக்கும் வயது ஒன்றுதான். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கியதும், இங்கிலாந்தில் ஃபிரடரிக் லான்செஸ்டர் டிஸ்க்குக்குக் காப்புரிமை பெற்றதும் 1902-ஆம் ஆண்டில். டிஸ்க்கின் காலம் வர அரை நூற்றாண்டு ஆனது. 1953-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்ற பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் ஊர்ச் சாலைகளில் பல பத்தாண்டுகள் ஓடிய பழைய அம்பாசடர்களும் பத்மினிகளும் நாலு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடின.

டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள். மிதித்தால் அவை விரிந்து சுழலும் டிரம்மின் உள்சுவரில் உரசும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்ஷூ டிரம்மைத் தொட்டதும், டிரம்மின் சுழற்சியே அதை இழுத்து இன்னும் இறுக்கமாக ஒட்டவைக்கிறது. கால் கொடுக்கும் அழுத்தத்தை டிரம் தானே பெருக்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. இரண்டு பேடுகள் இருபுறமும் நின்று கவ்வுகின்றன, அவ்வளவுதான். அதனால் அதற்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனும் பெரிது. அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும்.

மாற்று வேலை சிக்கலாவது இங்கேதான். டிரம்மின் வீல் சிலிண்டருக்கு அளந்து செய்த மாஸ்டர் சிலிண்டர், பெரிய காலிபருக்குப் போதாமல் போகலாம். பெடல் ஆழமாக இறங்கும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினால் முன்பிரேக்கின் தன்மை மாறும். பின்சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் போகவேண்டும் என்று கட்டுப்படுத்தும் வால்வும் டிரம்முக்காகவே கணக்கிடப்பட்டது. கணக்கு ஒரு பக்கம் தவறினால் புது டிஸ்க் வெறும் அலங்காரம். மறுபக்கம் தவறினால் ஆபத்து: முன்சக்கரத்துக்கு முந்திப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையில் அப்படி நடந்தால் காரின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். ஏபிஎஸ் உள்ள கார் என்றால் சக்கர வேகத்தைப் படிக்கும் சென்சாரையும் புது ஹப்பில் சரியாக உட்காரவைக்க வேண்டும். அதன் கம்ப்யூட்டர் பழைய பிரேக்குக்குப் பழகியது என்பதையும் மறக்கக்கூடாது.

ஹேண்ட் பிரேக்கை எல்லோரும் கடைசியில்தான் நினைப்பார்கள். டிரம்மில் ஒரு கேபிளை இழுத்தால் வேலை முடிந்தது. டிஸ்க்கில் அதற்கென்று தனி ஏற்பாடு உள்ள காலிபர் வேண்டும். பின்னால் டிஸ்க் உள்ள கார்கள் சிலவற்றில், டிஸ்க்கின் நடுக்குழிக்குள் ஹேண்ட் பிரேக்குக்காகவே ஒரு குட்டி டிரம் ஒளிந்திருப்பது ஒரு வேடிக்கை. துரத்திவிட்ட ஆள் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்த கதை.

அப்படியானால் சின்ன காருக்குப் பின் டிஸ்க் ஆகவே ஆகாதா? ஆகும், தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் ஹூண்டாய் தொழிற்சாலையில் சாதாரண ஐ20 பின் டிரம்மோடு வெளியே வருகிறது. 2021-இல் வந்த அதன் ‘என் லைன்’ வகைக்கு நாலு சக்கரத்திலும் டிஸ்க். ஆனால் அது டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க்கை மாட்டிய வேலை இல்லை. பிரேக், சஸ்பென்ஷன், மின்னணு எல்லாம் ஒரே கணக்கில் தீர்மானித்துச் சோதித்த வண்டி. பட்டறையில் அந்தச் சாமான்களைக் கொண்டுவரலாம், அந்தச் சோதனையைக் கொண்டுவர முடியாது.

சட்டமும் கேட்கும். நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பேசுகிறது. 2019 திருத்தத்தில், அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று சேர்த்திருக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போது இது வெறும் ஏட்டுச் சட்டமாக இருக்காது.

டிரம்முக்கு எதிரான உண்மையான குற்றச்சாட்டு சூடுதான். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் போகும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவது எஞ்சினின் பாடு, இறங்குவது பிரேக்கின் பாடு. விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரியும். உள்ளே இருக்கும் ஷூவை விட்டு விலகும். பெடல் பள்ளத்தில் போகும். காற்றில் திறந்து நிற்கும் டிஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். இதில் டிஸ்க்குக்கு மறுப்பில்லாத வெற்றி. ஆனால் மலை டிரைவர்கள் இதற்குச் சொல்லும் மருந்து, ஏறிய கியரிலேயே இறங்குவது. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

எந்தக் காரில் டிரம் திரும்பி வந்திருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம். ஃபோக்ஸ்வேகனின் ஐடி.3 மின்சாரக் காருக்கும், ஆடியின் க்யூ4 இ-ட்ரானுக்கும் பின்னால் டிரம்தான். மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு மின்சாரம் திருப்புகிறது. பின்பிரேக்குக்கு வேலை கொஞ்சம். உரசாமல் கிடக்கும் டிஸ்க் துருப்பிடிக்கும். மூடிக்கிடக்கும் டிரம்முக்கு அந்தக் கவலை குறைவு.

டிஸ்க் மாற்றுகிறேன் என்று எடுத்துவைத்த பணத்தோடு பட்டறைக்குப் போகிறவர் முதலில் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லலாம். உள்ளே படிந்த லைனிங் தூசியை வாயால் ஊதாமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வீல் சிலிண்டர் கசிந்திருந்தால் ஷூ நனைந்து வழுக்கும். பல ‘பிரேக் பிடிக்கலை’ புகார்களுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். பிறகு டயர். வழுக்கையான டயருக்கு எந்த டிஸ்க்கும் துணை வராது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும் காரைக் கடைசியில் பிடித்து நிறுத்துவது அந்த நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான். கடைசியாக பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புதிதாக ஊற்றும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் தாங்க வேண்டிய டாட் 3 ஆயில், ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். இரண்டு வருடமாக மாற்றாத வண்டி என்றால், சிறுமலைக்குக் கிளம்பும் முன் அதை மாற்றி, லைனில் காற்று எடுத்துவிட்டுப் போவது நல்லது.