எலும்புக்கூட்டை வகுத்தால் வீழும்

வீடியோ கேமை வகுப்பறைக்குக் கொண்டுவரும் முயற்சி, வீடுகளில் கணினி நுழைவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1971-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்த டான் ராவிட்ச், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்காக ஒரு விளையாட்டை யோசித்தார். அவருடைய அறைத்தோழர்கள் பில் ஹைன்மன், பால் டிலன்பெர்கர் இருவரும் அதற்கு நிரல் எழுதினர். ‘ஓரிகன் டிரெயில்’ என்ற அந்த விளையாட்டுக்குத் திரையே கிடையாது. வேறெங்கோ இருந்த கணினியோடு தொலைபேசி வழியே இணைந்த டெலிபிரிண்டர், கேள்வியையும் விளைவையும் தாளில் அச்சடித்துத் தள்ளும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மிசூரியிலிருந்து ஓரிகனுக்கு எருது பூட்டிய கூண்டு வண்டிகளில் கிளம்பிய குடும்பங்களின், ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் பயணம்தான் கதை. உணவுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு, எருதுக்கு எவ்வளவு என்று கையிருப்பைப் பங்கிட வேண்டும். வேட்டையாட ‘பேங்’ என்ற சொல்லைச் சட்டென்று தட்ட வேண்டும். பங்கீடு தப்பினால் பாதி வழியில் பட்டினிதான். பின்னர் 1974-ல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்த ராவிட்ச், அக்காலப் பயணிகளின் நாட்குறிப்புகளைத் தேடிப் படித்தார். நோயும் மழையும் வண்டி உடைவதும் அவற்றில் எவ்வளவு நேர்ந்தனவோ, ஏறக்குறைய அதே அளவில் விளையாட்டிலும் நேரும்படி திருத்தினார். மனப்பாடம் செய்ய ஆண்டுகளும் பெயர்களும் அதில் இல்லை. அந்தக் காலத்தின் நெருக்கடிகளே விளையாட்டின் விதிகளாயின.

1985-ல் வெளிவந்த ‘கார்மென் சான்டியேகோ’ வேறொரு வழியில் போனது. திருடர்களைத் துரத்தும் துப்பறிவாளரே ஆட்டக்காரர். தப்பியோடியவர் எந்த நாட்டுப் பணத்தை மாற்றினார், எந்த நிறக் கொடியுள்ள நாட்டுக்குப் போனார் என்று துப்பு கிடைக்கும். நாட்டைக் கண்டுபிடிக்க, விளையாட்டுடன் ஒரே பெட்டியில் வந்த உலகத் தகவல் களஞ்சியத்தைப் புரட்ட வேண்டும். தடிமனான அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் படி என்றால் எந்தப் பிள்ளையும் தொடாது. திருடனைப் பிடிக்க என்றால் தானே தேடி எடுக்கும். ஆவலுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பை 2014-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் பெரியவர்களிடம் சோதித்தனர். ஒரு கேள்வியின் விடையை அறியும் ஆவலோடு காத்திருந்தவர்களுக்கு அந்த விடை மட்டுமல்ல, காத்திருந்த நேரத்தில் காட்டப்பட்ட, அதற்குச் சம்பந்தமே இல்லாத முகங்களும் நன்றாக நினைவில் நின்றன.

ஆனால், கல்வி என்ற முத்திரையோடு விற்கப்படும் விளையாட்டுகளில் பல இந்த இரு விளையாட்டுகளின் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஐந்து கணக்குப் போட்டால் ஒரு நட்சத்திரம், பத்து போட்டால் ஒரு நிமிடம் கார் ஓட்டலாம் என்பதே அவற்றின் அமைப்பு. அங்கே கணக்கு, சுங்கச்சாவடியில் கட்டும் காசு. பரிசு ஆர்வத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கு 1973-லேயே அடி விழுந்தது. ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும், ஓவியம் தீட்டுவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்தனர். இன்னொரு பிரிவுக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்து, வகுப்பில் விருப்பம்போல விளையாடும் நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறத்தாழ பாதி நேரமே வரைந்தனர்.

விளையாட்டில் இழுப்பது எது என்று முறையாகப் பிரித்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர் தாமஸ் மலோன். 1980-ல் ஸ்டான்ஃபோர்டில் அவர் அளித்த ஆய்வேட்டில் சவால், கற்பனை, ஆவல் ஆகிய மூன்றையும் எடுத்துக்காட்டினார். பின்னம் கற்பிக்கும் ஒரு விளையாட்டை அவர் பல வடிவங்களாக்கிச் சோதித்தார். எண் கோட்டின் மேல் பலூன்கள் இருக்கும். பலூனின் இடத்தைப் பின்னமாகத் தட்டினால் அம்பு பறந்து அதை உடைக்கும். ஒரே கற்பனை எல்லாருக்கும் பிடிக்கும் என்பதில்லை என்பதும் அதில் தெரிந்தது: அம்பு எய்யும் வடிவத்தைச் சிறுவர்கள் விரும்பினர், சிறுமிகளுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

பாடம் விளையாட்டுக்குள்ளேயே கலந்திருக்க வேண்டும் என்ற கருத்தை மிகக் கறாராகச் சோதித்தது இங்கிலாந்தின் ஜேக்கப் ஹாப்குட், ஷாரன் எயின்ஸ்வொர்த் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு. அவர்களின் ‘ஸோம்பி டிவிஷன்’ விளையாட்டில் எலும்புக்கூடுகள் மார்பில் எண்ணைத் தாங்கி வரும். ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஓர் எண் உண்டு. மீதியின்றி வகுக்கும் எண்ணால் தாக்கினால் எலும்புக்கூடு வீழும். 24-ஐ 3 வீழ்த்தும், 25-ஐ வீழ்த்தாது. இரண்டாவது வடிவத்தில் சண்டை அப்படியே இருக்கும், ஆனால் எண்களுக்குப் பதில் குறியீடுகள். அதே வகுத்தல் கேள்விகள் ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தனியாக வரும். மூன்றாவதில் கணக்கே இல்லை. 7 முதல் 11 வயதுவரையான 58 பிள்ளைகள் இரண்டு மணி நேரம் விளையாடியதில், சண்டைக்குள்ளேயே வகுத்தவர்களே அதிகம் கற்றனர். வேறு 16 பிள்ளைகளிடம் முதல் இரண்டு வடிவங்களையும் கொடுத்து, பிடித்ததை ஆடலாம் என்று விட்டபோது, கணக்கு உள்ளே கலந்த விளையாட்டில் 7 மடங்கு நேரம் செலவிட்டனர். கணக்கு கசக்கும், அதை மறைத்துக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பு கிடைப்பது கடினம். இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: கற்றலை அளந்த அந்த முதல் சோதனையில் பிள்ளைகள் தனியாக விடப்படவில்லை, ஆசிரியரும் உடன் இருந்தார்.

அந்தத் துணை ஏன் தேவை என்பதை, நார்வேயில் உருவாகி 2012-ல் வெளிவந்த ‘டிராகன்பாக்ஸ்’ காட்டுகிறது. திரையின் இரு பக்கமும் விசித்திரப் பிராணிகளின் சீட்டுகள். ஒரு பெட்டியைத் தனிமைப்படுத்த வேண்டும். ஒரு பக்கம் சேர்ப்பதை மறுபக்கமும் சேர்ப்பதுதான் விதி. போகப்போகப் பிராணிகள் எழுத்துகளாகவும் எண்களாகவும் மாறி, கடைசியில் ஆட்டக்காரர் முழுச் சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டிருப்பார். சாமர்த்தியமான வடிவமைப்புதான். ஆனால், அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பள்ளி மாணவர்களிடம் ஒப்பிட்டபோது, டிராகன்பாக்ஸ் ஆடியவர்கள் அதிகம் ரசித்தனர். சமன்பாட்டுத் தேர்விலோ, கணினிப் பயிற்சி மென்பொருளில் படித்தவர்களே முந்தினர். திரையில் சீட்டை நகர்த்தும் கை, தாளில் அதே வேலையைச் செய்யத் தானாகப் பழகிவிடுவதில்லை. இரண்டும் ஒன்றே என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளையாடுவதற்குப் பதில் விளையாட்டை உருவாக்கவைப்பது மற்றொரு வழி. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட ‘ஸ்கிராட்ச்’, கட்டளைகளை வண்ணக் கட்டைகளாக அடுக்கி நிரல் எழுதவைக்கிறது. இதை இலவசமாகப் பயன்படுத்தலாம். திரையின் நடுப்புள்ளி பூஜ்யம் என்பதால், பந்தை இடப்பக்கம் நகர்த்த விரும்பும் குழந்தைக்குக் குறை எண் தேவைப்படுகிறது. மதிப்பெண் ஏற வேண்டுமென்றால் மாறி என்ற கருத்து தேவைப்படுகிறது. பாடத்திட்டம் அவற்றை எந்த வகுப்பில் வைத்திருக்கிறது என்பது அந்தக் குழந்தைக்குப் பொருட்டில்லை. வேறொருவர் செய்த விளையாட்டின் நிரலைத் திறந்து பார்க்கவும், அதை மாற்றித் தன் பெயரில் வெளியிடவும் ஸ்கிராட்ச் இடம் தருகிறது; மூலத்தைச் செய்தவரின் பெயரும் கூடவே நிற்கும்.