ஒரு நட்டும் ஒரு கிட்டார் பெட்டியும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். நம்மில் பலர் அந்த அச்சாணியை விற்றுத்தான் பிழைக்கிறோம். ஆனால் அது எந்தத் தேருக்குப் போகிறது என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதால் எனது கடையில் நடந்த ஒரு சம்பவத்தை இந்த வாரம் சொல்கிறேன்.

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர்களுக்குச் சனிக்கிழமை முற்பகல் எப்படியிருக்கும் என்று தெரியும். அப்படியொரு நேரத்தில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கல்யாண வைபவங்களில் கிட்டார் வாசிப்பவர். "நானா, மூன்று நூல் நட் ஒன்று வேணும்" என்றார். நமது பையன் பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். ஒரு பிளேன்டீ காசுகூட இல்லாத வியாபாரம். நான் தலையை நிமிர்த்தியும் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். ஒரு கையில் இரும்புத் தகடு, அதன் அடியில் வெல்டிங் செய்யப்பட்ட எங்கள் நட். மறு கையில் மூலை உடைந்த ஒரு பெட்டி. கிட்டாரின் ஓசையைப் பல விதமாக மாற்றித் தரும் 'எஃபெக்ட்ஸ்' பெட்டி அது. ஒவ்வொரு முறையும் குனியாமல் கையாலேயே திருப்பிக் கொள்ளலாம் என்று, மைக் ஸ்டாண்டின் உச்சியில் தகட்டைப் பூட்டி அதன்மேல் பெட்டியை வைத்திருக்கிறார். மூன்றாவது பாட்டில் தகடு ஆடிச் சாய்ந்து, பெட்டி சீமெந்துத் தரையில் விழுந்துவிட்டது.

அவர் சத்தம் போடவில்லை. "எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஸ்டாண்டையே கொண்டு வந்து காட்டியிருப்பேனே நானா" என்றார். ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிழை எங்கே நடந்தது? அவர் கேட்டது மூன்று நூல், அதாவது 3/8 அங்குலம். அது 9.5 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 16 புரி. பையன் கொடுத்தது 10 மில்லிமீற்றர் நட். அதில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே 1.5 மில்லிமீற்றர். மூன்று நூலில் அது கிட்டத்தட்ட 1.6. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். போட்டால் சில சுற்றுகள் ஏறும், பிறகு இறுகியது போலவும் தோன்றும். உண்மையில் புரிகள் அரைகுறையாகத்தான் கவ்வியிருக்கும். ஆட்டம் கொடுத்தால் கழன்றுவிடும்.

மைக் ஸ்டாண்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐரோப்பிய முறையில் உச்சியில் இருப்பது 3/8 அங்குலம். அமெரிக்க முறையில் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 27 புரி. நமது கடைகளில் கிடைக்கும் சாதாரண ஐந்து நூல் நட்டுக்கு 11 புரிதான். விட்டம் ஒன்றாக இருந்தாலும் அது ஏறவே ஏறாது. இரண்டு முறைகளையும் இணைக்க ஒரு சிறிய அடப்டர் இருக்கிறது. வெளியே ஒரு புரி, உள்ளே ஒரு புரி, அவ்வளவுதான்.

அன்று அந்த இளைஞரை இருத்தி, சரியான முறையில் செய்து கொடுத்தோம். முதலில் ஸ்டாண்டைக் கொண்டுவரச் சொல்லி, புரியை அளந்து பார்த்தோம். இரும்புத் தகட்டுக்குப் பதிலாக 12 மில்லிமீற்றர் ப்ளைவூட் பலகை. அதன் அடியில், மைக் ஸ்டாண்டுக்கென்றே வரும் புரியுள்ள வட்டத் தகட்டை ஸ்குரூ ஆணிகளால் பூட்டினோம். தகடு பெட்டியின் நடுப் பாரத்துக்கு நேர் கீழே வரும்படி பார்த்துக் கொண்டோம்.

பெட்டியில் துளை போட வேண்டாம் என்று சொன்னேன். அதன் அடியிலுள்ள ஸ்குரூவைக் கழற்றி நீளமானதைப் போடுவதும் ஆபத்து. உள்ளேயிருக்கும் சர்க்கிட்டில் முட்டினால் பெட்டியே போய்விடும். ரப்பர் கால்களைக் கழற்றி, அடியைத் துடைத்துவிட்டு, வெல்க்ரோ நாடாவை அகலமாக ஒட்டினோம். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அதன் பசை இளகக்கூடும். அதனால் பெட்டியையும் பலகையையும் சேர்த்துக் குறுக்கே ஒரு பட்டியும் போட்டோம். ஒரு பிடி விட்டாலும் மறு பிடி தாங்கும்.

ஸ்டாண்டின் மூன்று கால்களையும் முழுமையாக விரித்து, பாரம் சாயும் பக்கத்துக்கு ஒரு காலை வைக்க வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே பாரம் சாய்ந்தால் கவிழும். வயரை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினால், யாராவது வயரில் தடுக்கினாலும் இழுவை பெட்டிக்குப் போகாது. காலால் மிதித்து இயக்கும் பெட்டியாக இருந்தால் ஸ்டாண்டே வேண்டாம், தரைதான் அதற்கு இடம். கடைசியாகப் பலகையின் ஓரத்தைக் கையால் அமுக்கி, ஸ்டாண்டை ஆட்டி, வயரை இழுத்துப் பார்த்த பிறகே அனுப்பினோம்.

உடைந்த பெட்டியைத் திருத்திய செலவில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். வாங்க மறுத்தார். பிழை எங்கள் பக்கம் என்று சொல்லித்தான் கையில் வைத்தேன். இலாபம் சில ரூபாய், நட்டம் பல ஆயிரம். ஆனாலும் பணத்தைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று. அவர் திரும்பி வராமல், பத்துப் பேரிடம் "அந்தக் கடைக்குப் போகாதே" என்று சொல்லியிருந்தால் அது எனக்குத் தெரியவே வந்திருக்காது.

சிறு வியாபாரிகளான நாம் செய்யக்கூடியது அதிகமில்லை. சாமானை எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்கலாம். எதற்கு? எவ்வளவு பாரம்? எதில் பூட்டப் போகிறீர்கள்? புரி அளக்கும் சிறு கருவி ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கலாம். அங்குல நட்டையும் மில்லிமீற்றர் நட்டையும் ஒரே பெட்டியில் போடாமல் இருக்கலாம். மைக் ஸ்டாண்ட் அடப்டரையும், கெமரா ஸ்டாண்டுக்குப் போகும் கால் அங்குலம், 20 புரி ஸ்குரூவையும் நாலைந்து வாங்கி வைத்தால் முடங்கும் முதல் பெரிதல்ல. இன்று தொலைபேசியை ஸ்டாண்டில் பூட்டி வைத்துப் படம் பிடித்து வியாபாரம் செய்பவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது தேவைப்படும்.

அந்தப் பழைய இரும்புத் தகட்டை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போதும் கடைச் சுவரில் தொங்குகிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு விலைப் பட்டியலைக் காட்டுமுன் அதைத்தான் காட்டுகிறேன்.