டாஷ்போர்டில் ஒரு சிவப்பு வட்டம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கொல்லிமலைக்கு வரும் கார்கள் விடுமுறை நாட்களில் ஏராளம். அவற்றுள் புதிய கார்கள் சிலவற்றின் டாஷ்போர்டை எட்டிப் பார்த்தால் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று, கார் ஓடும் வேகம். இது தாத்தா காலத்து அம்பாசிடரிலும் ஒரு முள்ளாக ஆடிக்கொண்டிருந்ததுதான். மற்றொன்று, சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் எண். "இந்தச் சாலையில் இதற்கு மேல் போகாதே" என்று அது ஓட்டுநருக்குச் சொல்கிறது. இந்த இரண்டாவது எண் சில வேளைகளில் தவறாகச் சொல்லிவிடுகிறது. எப்போது, ஏன், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"எங்கள் வீட்டில் காரே இல்லை, எனக்கெதற்கு இது?" என்று தோழியர் சிலர் கேட்கலாம். அந்தக் கார் திரும்பும் வளைவின் ஓரமாக நடந்து போகிறவர்கள் நாம்தாமே!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் "டிங், டிங்" என்று விட்டு விட்டு ஓர் ஒலி எழும். 120ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். பலர் இதனையும் சிவப்பு வட்டத்தையும் ஒன்றென்றே எண்ணுகின்றனர். அந்த ஒலிக்கு எந்தச் சாலையும் தெரியாது, எந்த ஊரும் தெரியாது. 80 என்றால் 80, அவ்வளவே. ஆகவே நம் மலைப்பாதையில் அது வாயே திறக்காது. சிவப்பு வட்டமோ சாலைக்குச் சாலை மாறக் கூடியது. மாறுவதற்கு அதற்குச் செய்தி வேண்டும். அச்செய்தி இரண்டு வழிகளில் வருகிறது.

முதல் வழி காமிரா. முன்கண்ணாடியின் மேற்பகுதியில், உள்ளே இருக்கும் சிறு கண்ணாடிக்குப் பின்னால் அது ஒளிந்திருக்கும். சாலையோரப் பலகைகளைப் பார்த்து, சிவப்பு வட்டம் எங்கே, அதற்குள் என்ன எண் என்று தேடிப் படிக்கும். 1968ஆம் ஆண்டு வியன்னா நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையில் சாலைக் குறிகளுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தார்கள். 1980இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஜெர்மனியில் பழகிய காமிரா நாமக்கல் பலகையையும் படிப்பது இதனால்தான். 2008இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் 7 சீரிஸ் காரில் இவ்வசதியைக் கொண்டு வந்தது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் வேக வரம்பை அறிந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமாகிவிட்டது.

இரண்டாவது வழி வரைபடம். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைக் கொண்டு, கார் தான் எங்கே நிற்கிறதென்று கணக்கிடுகிறது. பிறகு தன்னிடமுள்ள வரைபடத்தில் அந்தச் சாலைக்கு என்ன வேகம் எழுதியிருக்கிறதோ அதை எடுத்துக் காட்டுகிறது. சில கார்கள் காமிராவை மட்டும் நம்பும். சில வரைபடத்தை மட்டும். இரண்டையும் கலந்து பார்க்கும் கார்களும் உண்டு.

எண் தவறாக வருகிறதென்றால், குற்றவாளி காமிராவா, வரைபடமா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை; ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் கவனித்தாலே போதும். பலகையைக் கடக்கும் அந்த நொடியில் எண் மாறினால் அது காமிராவின் வேலை. பலகையே இல்லாத இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மாறினால் அது வரைபடத்தின் வேலை. இன்னும் ஐயமிருந்தால், காரை நிறுத்தி, காமிராவின் முன் ஒரு துணியைப் போட்டு மூடி, வேக வரம்புப் பலகை இல்லாத இடத்தில் அடுத்தவர் ஓட்ட... வேண்டாம், இந்தச் சோதனையைச் சர்வீஸ் நிலையத்தாரிடமே விட்டுவிடலாம்!

காமிராதான் குற்றவாளி என்றால் பெரும்பாலும் மருந்து எளியது. கண்ணாடியில் அந்த இடத்தைத் துடைக்க வேண்டும். உள்பக்கமும் துடைக்க வேண்டும். பலர் வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். காமிராவுக்கு நேராகச் சாமி படமோ, ஸ்டிக்கரோ, தொங்கும் பொம்மையோ இருந்தால் அகற்ற வேண்டும். பக்திக்குக் காரில் வேறு இடமா இல்லை? கல் பட்டு முன்கண்ணாடியை மாற்றியவர்கள் காமிராவை மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அது வானத்தையோ தரையையோ பார்த்துக்கொண்டிருக்கும். மாலை வெயில் நேரே கண்ணில் அடித்தாலும், நம் ஊர் மூடுபனி இறங்கினாலும் நமக்குத் தெரியாதது அதற்கும் தெரியாது. அது பழுதன்று, பனி விலகினால் தானே சரியாகிவிடும்.

காமிரா நன்றாக இருந்தும் ஏமாறுவது வேறு கதை. நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். லாரிகளின் பின்புறத்தில் "80" என்று எழுதியிருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த லாரிக்குப் பூட்டிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் அளவு அது. அதையே சிவப்பு வட்டமிட்டு ஒட்டிவிட்டால், பின்னால் வரும் கார் அதைச் சாலைப் பலகை என்று எண்ணிக்கொள்ளக் கூடும். அமெரிக்காவில் மக்கஃபீ நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 2020ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 35 மைல் பலகையில் 3 என்ற எண்ணின் நடுக்கோட்டைக் கறுப்பு நாடாவால் சற்றே நீட்டி ஒட்டினார்கள். 2016ஆம் ஆண்டு டெஸ்லா கார் அதனை 85 என்று படித்து வேகமெடுத்தது! இரண்டு அங்குல நாடாதான். நம் ஊர்ப் பலகைகளின் மேல் ஒட்டப்படும் சுவரொட்டிகளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

வரைபடம் தவறினால் துடைத்துப் பயனில்லை. புதிய வரைபடத்தை ஏற்ற வேண்டும். வேக வரம்பு என்பது மலையைப் போல நிலையாக நிற்பதன்று. 2018இல் மத்திய அரசு விரைவுச் சாலைகளில் காருக்கு 120 கிலோமீட்டர் என்று அறிவித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பையே ரத்து செய்தது. சட்டம் மாறும்போதெல்லாம் காருக்குள் இருக்கும் வரைபடம் தானே மாறிவிடுமா? மற்றொரு தொல்லை, பக்கத்துப் பக்கத்துச் சாலைகள். சேலத்திலிருந்து நாமக்கல் வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் பல இடங்களில் பெருஞ்சாலையை ஒட்டியே சர்வீஸ் சாலை ஓடுகிறது. ஜி.பி.எஸ். கணக்கு சில மீட்டர் பிசகினால் போதும், கார் எந்தச் சாலையில் ஓடுகிறதென்ற முடிவே மாறிவிடும். வட்டத்துக்குள் எண்ணும் மாறிவிடும். இதற்குப் பழுது பார்ப்பவரால் செய்யக்கூடியது அதிகமில்லை.

இனி நம் மலைக்கு வருவோம். இங்கே இரண்டு வழியுமே தடுமாறுகின்றன. காமிரா நேர் முன்னே பார்ப்பது. கொண்டை ஊசி வளைவிலோ கார் வந்த திசைக்கே திரும்பிவிடுகிறது. வளைவின் உள்பக்கத்தில் இருக்கும் பலகை அதன் பார்வைக்கு ஒரு கணம் வந்து போகலாம், வராமலே போகலாம். பலகை கிடைக்காதபோது சில கார்கள் கீழே சமவெளியில் கடைசியாகப் படித்த எண்ணையே சற்றுத் தூரம் பிடித்துக்கொண்டிருக்கும். வரைபடத்திலோ மலைப்பாதைக்கென்று தனி எண் பதியாதிருந்தால், அவ்வகைச் சாலைக்குரிய பொது எண் வந்து உட்கார்ந்துவிடும்.

என் மாமா வாடகைக் கார் ஓட்டுபவர். வளைவு ஒன்றில் நின்றுவிட்ட வெளியூர்க் காருக்கு உதவப் போனபோது அதன் டாஷ்போர்டில் 60 என்று சிவப்பு வட்டம் ஒளிர்ந்ததாம். "அந்த நம்பரப் பாத்து ஓட்டினா அறப்பளீஸ்வரரப் பாக்க முடியாது, எமனத்தான் பாக்கலாம்" என்று அவர் சொன்னார்.

மாமா சொன்னது சரியா என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பில் மையநோக்கு முடுக்கம் படித்தோமல்லவா? திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுக்க வேண்டும். வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 5.6 மீட்டர். முடுக்கம் 2.1 வருகிறது, புவியீர்ப்பு முடுக்கமான 9.8இல் ஐந்தில் ஒரு பங்கு. டயர்கள் இதைத் தாங்கும். வேகத்தை 40 ஆக்கினால் முடுக்கம் இரு மடங்கன்று, நான்கு மடங்காகி 8.2ஐத் தொடுகிறது. மழையில் நனைந்த தார்ச் சாலையில் டயரின் பிடிமானம் இதற்குப் போதாது; கார் வெளிப்பக்கமாக வழுக்கும். 60க்கு 18.5 வருகிறது. காய்ந்த சாலையில் கூட அந்த வளைவை அந்த வேகத்தில் சாதாரணக் கார் எதுவும் திரும்ப இயலாது. ஆக, எண் சரியாகவே இருந்தாலும் அது "இதற்கு மேல் குற்றம்" என்று மட்டுமே சொல்கிறது. "இந்த வேகத்தில் போனால் பத்திரம்" என்று அது ஒருபோதும் சொல்லவில்லை. மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்ற விதியும், இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் கீழ் கியரில் வர வேண்டும் என்ற பழக்கமும் அந்த வட்டத்துக்குள் எழுதப்படுவதில்லை.

எண் அடிக்கடி தவறினால், துடைத்தும் வரைபடத்தைப் புதுப்பித்தும் மாறாவிட்டால், சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். "சரியாக வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. எந்த ஊரில், எந்தச் சாலையில், பலகையில் என்ன எண், டாஷ்போர்டில் என்ன எண், வெயிலா மழையா, அண்மையில் கண்ணாடி மாற்றியதுண்டா என்பதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போக வேண்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவர் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது.