உறங்கும் கணினியும் விழிக்கும் முறையும்

ஊர்காவற்றுறை என்னும் பெயரிலே ஊரும் உண்டு, காவலும் உண்டு, துறையும் உண்டு. ஊர் உறங்கும் வேளையில் ஒருவராவது விழித்திருத்தல் காவலின் இலக்கணம். கணினியின் உறக்கமும் இவ்விலக்கணத்துக்கு அமைந்ததே.

கணினியை ஆள்வது பணிசெயல் முறைமை. அதற்கும் முன்னே எழுவது, தாய்ப்பலகையின் சில்லொன்றிற் பதிந்துள்ள நிலைபொருள். இவ்விரண்டும் ஒத்துழைப்பதற்கென, இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா என்னும் நிறுவனங்கள் 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஏ.சி.பி.ஐ. என்னும் பொதுவிதியை வெளியிட்டன. பொறியின் உறுப்புகளை அட்டவணைகளாக விவரித்துக் கொடுப்பது நிலைபொருளின் கடமை. எப்பொழுது உறங்குவது என்று முடிவு செய்வது பணிசெயல் முறைமையின் உரிமை.

உறக்கம் பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது இலேசான துயில். பணிசெயல் முறைமை, சாதனங்களின் நிலையைக் குறித்துக்கொண்டு, விழித்தபின் தான் தொடரவேண்டிய இடத்தை நிலைபொருளுக்கு அறிவித்து, மின்னைக் குறைக்கும் கட்டளையை இடுகின்றது. நினைவகத்துக்கும் சிறு காவற்சுற்றுகளுக்கும் மாத்திரம் மின் தொடர்கின்றது. விசையொன்றை அழுத்தியதும் நிலைபொருள் முதலில் எழுந்து, இது புதுத் தொடக்கமன்று என உணர்ந்து, நினைவகத்தை அழியாது பேணி, குறித்த இடத்திலே பணிசெயல் முறைமையிடம் பொறுப்பை ஒப்படைக்கின்றது. அட்டவணையிற் பிழையிருப்பின், திரை ஒளிராமலும் விசைப்பலகை இயங்காமலும் போவதுண்டு. இக்காலத்து மடிக்கணினிகள் பலவற்றில் முறைவழியாக்கியை முற்றாக நிறுத்தாது, பணிசெயல் முறைமையே அரைத்துயிலை நடத்துகின்றது.

இரண்டாவது ஆழ்துயில். இதில் நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டில் எழுதப்பட்டு, பொறி அணைக்கப்படுகின்றது. விழிக்கும்போது நிலைபொருள் வழமைபோல் தொடங்க, பணிசெயல் முறைமை அவ்வெழுத்தை மீட்டு, விட்ட பணியைத் தொடர்கின்றது.

இவ்வேறுபாட்டின் பயன் யாது? 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அத்தகைய நாளிலே, தீவகத்து மாணவர் ஒருவர் மேசைக்கணினியை இலேசான துயிலில் விட்டுச்சென்றால், மின் அற்ற கணமே நினைவகம் வெறுமையாகும். சேமியாத கட்டுரையும் அதனோடு மறையும். மடிக்கணினியாயின் மின்கலம் வற்றும்வரை தப்பும். ஆழ்துயிலோ மின்னை நம்பியிருப்பதன்று.

ஆகவே, சற்று நேரம் எழுந்து செல்வோர்க்கு இலேசான துயில் போதும். மின் நிலையாத இடத்தில் நெடுநேரம் பிரிவோர்க்கு ஆழ்துயிலே தக்கது. எத்துயிலாயினும், முன்னதாகப் பணியைச் சேமித்து வைத்தலே முதற் காவலாகும்.